தேசிக்காய்த் தண்ணீரில் வரைந்த ஏற்றம்

எங்கள் வீட்டு இருக்கையறைச் சுவரில் ஏற்கெனவே ஒரு மலை தொங்கியது. உச்சியில் பனி, நடுவில் நீர்வீழ்ச்சி, அடியில் சிவப்புச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக என் மகள். அவள் பெரியபிள்ளையானபோது செய்த சடங்குக்கு, சாமத்திய வீட்டுக்கு, எடுத்த படம். ஸ்காபரோவில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்த எவர் வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒன்று கதவளவு உயரத்தில் நின்று வரவேற்கும். மலையும் நீர்வீழ்ச்சியும் படக்காரர் தன் கணினியிலிருந்து எடுத்து ஒட்டுகிறவை. பிள்ளை மட்டும்தான் நம்முடையது. மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. சிநேகிதிகள் வந்தால் அந்தச் சுவருக்கு முதுகு காட்டுகிற கதிரையில் அவர்களை இருத்துவாள். என் மனுசனுக்கோ அந்தப் படத்தில் ஒரு தூசி விழக்கூடாது.

நான் வரைந்தவை எல்லாம் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் கிடந்தன. அரிசி மூட்டைக்கும் சலவை இயந்திரத்துக்கும் இடையில், சுவரோடு சாய்த்து, பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தேன். இருக்கையறைச் சுவரில் என் படம் ஒன்று, ஒரேயொன்று, ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; உண்மையில் அது வெறி. குசினியில் நின்றால் அந்தச் சுவர் நேரே தெரியும். அதை முறைத்துக்கொண்டுதான் வெங்காயம் வெட்டுவேன்.

நான் சைக்கிள் ஓடுவதால்தான் வரைகிறேன். ஓடாவிட்டால் தூரிகையைத் தொட்டிருக்கவே மாட்டேன். நாற்பத்தெட்டு வயதில், வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போய், அடுத்த தெருவில் வீடு மாறிப் போகிறவர்கள் வாசலில் வைத்து விற்ற பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். மின்சாரக் கம்பிகளுக்குக் கீழே ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகிற சைக்கிள் பாதையில் முதல்நாள் ஓடியபோதே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் காரிலும் பஸ்ஸிலும் கடந்து திரிந்த ஊரை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு வீட்டுப் பின்வளவில், பாகற்கொடிக்குப் பழைய ஹொக்கி வலையைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். நடந்து போனால் வேலிக்கு மேலால் அதைக் காண எனக்கு உயரம் போதாது. காரில் போனால் அந்தப் பக்கத்துக்கு ரோட்டே இல்லை. சைக்கிளில் இருப்பவளுக்கென்றே யாரோ கட்டி வைத்தது போல இருந்தது.

கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். பாகல் இருந்தது, வலை இருந்தது, நான் ஓடிப்போன காற்று இல்லை. சப்பென்று இருந்தது. அந்தக் கோபத்தில்தான் நீர்வண்ணம் வாங்கினேன். நீர்வண்ணம் ஓடும். பிடித்து வைத்தாலும் ஓடும். சைக்கிள் ஓடுகிறவளுக்கு அதுதான் சரி என்று நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிறம் எனக்குப் புதிதல்ல. பல் வைத்தியர்களுக்குப் பல் செய்து கொடுக்கிற இடத்தில் எனக்கு வேலை. வாயில் ஏற்கெனவே இருக்கிற பல்லுக்குப் புதுப்பல்லின் நிறத்தைப் பொருத்துவது என் பாடு. வெள்ளை என்று ஒரு நிறம் உலகத்தில் இல்லை என்பதை அங்கே படித்தேன். ஏரிக்கரையில் சுவர் மாதிரி நிற்கிற ஸ்காபரோக் களிமண் குன்றுகளை எல்லோரும் வெள்ளை என்பார்கள். என்னைக் கேட்டால், அது நாள் முழுக்கத் தேத்தண்ணி குடிக்கிற மனிதரின் முன்பல் நிறம்.

என்னுடைய வண்ணப்பெட்டி மனுசனுடைய பழைய பிரஷர் மாத்திரைப் பெட்டி. கிழமைக்கு ஏழு குழி. குழிக்கு ஒரு நிறம் பிழிந்து காயவிட்டேன். திங்கள் நீலம், வெள்ளி மஞ்சள், ஞாயிறு கடுஞ்சாம்பல். இன்றைக்கும் ஏரி கொஞ்சம் மங்கலாக வந்தால் 'திங்கள் காணாது', நீலம் போதவில்லை, என்றுதான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். பலகையும் கடதாசியும் கரியரில் கட்டியிருக்கும். சைக்கிளில் போத்தல் வைக்க இரண்டு கம்பிக்கூடு. ஒன்றில் வரைவதற்கு வெறும் தண்ணீர், மற்றதில் குடிப்பதற்குத் தேசிக்காய்த் தண்ணீர். தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, சீனி, தாராளமாக உப்பு. கடையில் விற்கிற நீலத் தண்ணீரும் செம்மஞ்சள் தண்ணீரும் என் வாய்க்கு ஒத்துவராது. எனக்கு ஒரு சட்டமும் இருந்தது: காரில் போன இடத்தை வரைவதில்லை. கால் உழக்காத இடத்துக்குக் கை போகக்கூடாது.

அப்படி உழக்கிப் போகிற இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிறிம்லி ரோட்டின் தெற்கு அந்தம். வீடுகள் முடிந்ததும் அந்த ரோட் தலைகுத்தி, மரங்களுக்கு நடுவால் வளைந்து, குன்றுகளின் அடிக்கு ஏரிக்கரைக்கு விழும். இறங்கும்போது பெடலை உழக்கவே தேவையில்லை. பிறேக்கில் விரலை வைத்துக்கொண்டு காற்றை விழுங்கிக்கொண்டு போவேன். வாய்விட்டுக் கத்தியும் இருக்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் யார் கேட்கப் போகிறார்கள். கீழே புல்லில் இருந்துகொண்டு, வந்த ரோட்டை நிமிர்ந்து பார்த்து வரைவேன். எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். வரைந்து முடிந்ததும்தான் பிரச்சினை. இறங்கினவள் ஏற வேண்டுமே.

தள்ளிக்கொண்டுதான் ஏறுவேன். அதில்தான் என் மானம் போனது. ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டால் நம்முடைய சனம் சும்மா போகாது. கார் மெதுவாகும். கண்ணாடி இறங்கும்.

"அக்கா, சைக்கிள் பழுதாப் போச்சோ?"

"இல்லைத் தம்பி."

"காத்துப் போயிட்டுதோ?"

"சைக்கிளுக்கில்லை, எனக்குத்தான் போயிட்டுது. நீங்கள் போங்கோ."

போகமாட்டார்கள். பின்னால் சைக்கிள் வைக்க இடம் இருக்கிறது என்பார்கள், வீடு எங்கே என்பார்கள், தண்ணீர் நீட்டுவார்கள். அவ்வளவு அன்பையும் தாங்கிக்கொண்டு சிரித்தபடி மேலே வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை, அரிசி அள்ளக் கீழே போன மனுசன் நெடுநேரம் மேலே வரவில்லை. போய்ப் பார்த்தால், விரிப்பை விலக்கி, என் பிறிம்லிப் படங்களைச் சலவை இயந்திரத்தின் மேல் அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மனுசன் ட்ரக் ஓடுகிறவர். பிறம்ரன் கிடங்குகளில் சாமான் ஏற்றி மொன்றியலில் கொண்டுபோய் இறக்குவது தொழில். இப்போது வருகிற ட்ரக்குகள் தாமாகவே கியர் மாற்றிக்கொள்ளும். அவருடையது பழையது, காலால் கிளச் மிதித்துக் கையால் மாற்ற வேண்டும். புதியது தந்தாலும் தொடமாட்டேன் என்பார்.

"உதெந்த இடம்?" என்று கேட்டார்.

"பிறிம்லி ஏத்தம்."

"உதோ?" படத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். "உது ஏத்தமில்லை. நீர் பாய் விரிச்சு வைச்சிருக்கிறீர். உந்த ரோட்டெண்டால் நான் கியரே மாத்த மாட்டன். ஒரு கையிலை கோப்பி, ஒரு கையிலை ஸ்ரீயரிங், அப்பிடியே ஓடியிடுவன்."

"அப்ப படம் வடிவில்லையோ?"

"வடிவுதான். மரம் வடிவு, வானம் வடிவு. ஏத்தம் எங்கை?"

எனக்குத் தலைக்குள் கொதித்தது. பதில் சொல்ல வாய் திறந்தபோது, பேஸ்மென்ற் படிக்கட்டில் இருந்து மகளின் குரல் வந்தது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது.

"அப்பா, அம்மா ஏத்தத்தை ஏத்தம் மாதிரிக் கீறினா, மேலை என்ரை படத்தைக் கழட்டிப்போட்டு அதை மாட்டுவீங்களோ? டீல்?"

மனுசன் யோசித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடக்காத காரியம் என்று நினைத்திருக்க வேண்டும். "ஓம். ஏத்தமெண்டு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சால் நானே ஆணி அடிப்பன்," என்றார்.

மகளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் விரும்பியிருந்த பையனுடைய தாயும் தகப்பனும் ஒக்டோபரில், தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு, முதல்தடவையாக எங்கள் வீட்டுக்கு வரவிருந்தார்கள். "அவை வரேக்கை அந்த வோட்டர்ஃபோல் சுவரிலை இருந்தா, நான் ரூமை விட்டு வெளியிலை வரமாட்டன்," என்று என் காதோடு சொன்னாள். அப்போது கோடை தொடங்கியிருந்தது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் படங்களை நானும் எடுத்துப் பார்த்தேன். மனுசன் சொன்னது சரி. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. சாம்பல் நாடா ஒன்று மரங்களுக்கு நடுவில் அழகாக வளைந்து கிடந்தது, அவ்வளவுதான். ஏன் இப்படி என்று கேட்டுப் பார்த்தேன். பதில் என் சட்டத்திலேயே இருந்தது. கால் உழக்காத இடத்துக்குக் கை போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டு, அந்த ஏற்றத்தை நான் ஒருநாளும் உழக்கியதே இல்லை. இறங்கியிருக்கிறேன். தள்ளியிருக்கிறேன். கால் நிலத்தில் படாமல் ஏறியதில்லை. இனி அதை உழக்கி ஏறியே தீருவது என்று முடிவெடுத்தேன். விட்டேனா பார்.

விட்டதென்னவோ மூச்சுத்தான். முதல் ஞாயிறு, ரோட் நிமிரத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்திலேயே கால் ஊன்றிவிட்டது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நாங்கள் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வளர்ந்தவர்கள், ஆனால் அங்கே ஏற்றம் என்றால் மதகுதான். எழுந்து நின்று நாலு உழக்கு உழக்கினால் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். சைக்கிளுக்குக் கியரும் கிடையாது. பச்சைச் சைக்கிளின் கைபிடியில் கியர் மாற்றுகிற குமிழ் இரண்டு இருந்தன. நான் அவற்றை மணி மாதிரி ஒரு அலங்காரமாகவே வைத்திருந்தேன். மூன்றாம் ஞாயிறு, நடு ஏற்றத்தில் கால் நின்றுபோகும் தருணத்தில், ஒன்றைப் பிடித்துத் திருகினேன். கடகடவென்று ஒரு சத்தம், செயின் கழன்று தொங்கியது. அன்று வரைந்த படத்தின் வானத்தில் என் பெருவிரல் அடையாளம் கறுப்பெண்ணெயில் பதிந்திருக்கிறது.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றபோது மனுசன் குசினிக்குள் வந்தார்.

"எதிலை ஏறினீர்?"

"சைக்கிளிலை."

"அது தெரியுது. எந்தக் கியரிலை?"

நான் இன்னும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. "ஏத்தத்துக்குள்ளை போய் மாத்தினால் செயின் கழராமல் என்ன செய்யும்? ஏத்தம் கண்ணிலை பட்டவுடனை இறக்கியிடோணும். அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு போற நானே வெக்கப்படாமல் இறக்கிறன், உமக்கென்ன?"

"உங்களுக்கு எஞ்சின் இருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கீழேயே கியரை இறக்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கோடை முழுவதும் ஞாயிறுக்கு ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனேன். முதலில் வளைவைக் காட்டுகிற மஞ்சள் பலகை. பிறகு இரும்புத் தடுப்பின் நடு. பிறகு, ரோட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல் சாய்ந்து நின்ற மேப்பிள் மரம். அந்த மரத்தோடு நின்றுவிட்டது. ஓகஸ்ட் போனது, மரத்தைத் தாண்ட முடியவில்லை. கால் ஊன்றுகிற இடத்திலேயே புல்லில் இருந்துகொண்டு, மூச்சு ஆறும்வரை காத்திருந்து வரைவேன். படமும் ஆறிப்போய்த்தான் வரும். மூச்சு அடங்கினால் ஏற்றமும் அடங்கிவிடுகிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. உச்சிக்குப் போகிற அன்று, மூச்சு அடங்குவதற்கு முன்னமே தூரிகையை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்ரெம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. வெளிக்கிடும்போதே குளிர் காதைக் கடித்தது. இறங்கும்போது நான் கத்தவில்லை. கீழே ஏரி முழுவதும் என் வெள்ளிக்குழி மஞ்சளைப் பூசிக்கொண்டு கிடந்தது, அதைக்கூட வடிவாகப் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பினேன். ரோட் நிமிர்வது கண்ணில் பட்டவுடன் ஆகச் சின்னக் கியருக்கு இறக்கினேன். கால்கள் குழந்தைப் பிள்ளையின் முச்சக்கர வண்டியில் போல இலேசாகச் சுற்றின. நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெட்கமாக இருந்தது. பிறகு ரோட் நிமிர்ந்தது, வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

மஞ்சள் பலகை போனது. இரும்புத் தடுப்பு முடிந்தது. மேப்பிள் மரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதன் கிளைக்குக் கீழே வந்தபோது கால் வழக்கம்போல 'இவ்வளவுதான்' என்றது. நான் 'பேசாமல் உழக்கு' என்றேன். மரம் பின்னால் போனது. அதற்கு மேலே நான் சைக்கிளில் இருந்து கண்டிராத ரோட். முன்சில்லு குடித்தவன் போல இடமும் வலமும் ஆடியது. நெஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது.

அப்போது பின்னால் ஒரு வான் வந்தது. கடந்து போகட்டும் என்று ஓரம் பிடித்தேன். கடக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவானது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி இறங்கியது.

"அன்ரி, சைக்கிள் பழுதோ? ஏத்திவிடவோ?"

அழுதுவிடுவேன் போல இருந்தது. வாய் திறந்தால் மூச்சுப் போய்விடும். திறக்காவிட்டால் இவர்கள் இறங்கி என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள்.

"கதைக்கேலாது! ஏறிறன்!" என்று கத்தினேன்.

பிறகு பின் கண்ணாடி சரிந்து திறந்தது. உள்ளே இருந்து ஒரு தலை வெளியே வந்தது. நெற்றிச்சுட்டி, காது நிறைய ஜிமிக்கி, கொண்டை நிறையப் பூ. கல்யாணப் பெண். விடிகிற வெளிச்சத்தில் ஏரிக்கரையில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற கூட்டம்.

"அன்ரி ஏறுறா! டோன்ற் ஸ்டொப், அன்ரி! விடாதேங்கோ!"

வான் பின்வாங்கி, அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு என் பின்சில்லுக்குக் காவலாக வந்தது. அதற்குப் பின்னால் ஒரு கார் சேர்ந்தது, இன்னொன்று சேர்ந்தது. தேருக்குப் பின்னால் சனம் வருவது போல எல்லாரும் நடை வேகத்தில் வந்தார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பெண் விடாமல் கத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் கத்தினான். படக்காரப் பையன் முன் கண்ணாடியால் பாதி உடம்பை வெளியே விட்டுக் கமராவைப் பிடித்தான். எனக்கு முன்னால் தெரிந்தது ஒன்றே ஒன்று, உச்சியில் முதல் வீட்டின் தபால்பெட்டி. அது கிட்ட வருவதாகத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தப் பல்லும் உடைந்தால் நானே நிறம் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் விழுந்துவிடுவேன் என்று பயம் வந்தது. அப்படிப் பயந்துகொண்டிருந்தபோதே தபால்பெட்டி எனக்குப் பின்னால் போய்விட்டது.

ரோட் தட்டையானது. நான் காலை ஊன்றினேன். ஏறிவிட்டேன்! வான் ஹோர்னை நீட்டி அடித்தது. பின்னால் வந்த கார்களும் அடித்தன. கல்யாணப் பெண் மருதாணிக் கையால் எனக்கு முத்தம் எறிந்துவிட்டுப் போனாள். அவள் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மூச்சு அடங்குவதற்கு முன்னமே வரைய வேண்டும். கரியரில் பலகையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். தாகம் தொண்டையைக் கிழித்தது. போத்தல் ஒன்றை இழுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். முடிந்த பிறகுதான் நாக்குக்கு உறைத்தது, புளிக்கவில்லை, இனிக்கவில்லை, வெறும் தண்ணீர். வரைவதற்கென்று கொண்டுவந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது தேசிக்காய்த் தண்ணீர் மட்டுமே.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குவதற்குள் மூச்சு அடங்கிவிடும். அடங்கினால் இன்னொரு பாய். சைக்கிளை வேலியில் சாத்தினேன். பலகையைச் சைக்கிளின் நடுக்கம்பியில் நிமிர்த்தி வைத்தேன். தேசிக்காய்த் தண்ணீருக்குள் தூரிகையைத் தோய்த்தேன்.

ஏற்றம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் கெடுத்தேன். தொடை துடித்துக்கொண்டிருந்தது; அது துடித்த இடத்தில் ரோட்டைத் தடிப்பாகப் போட்டேன். மேப்பிள் மரத்தடியில் கை தானாக அழுந்தியது. சீனித் தண்ணீர் காய மறுத்தது. ஞாயிற்றுக் கடுஞ்சாம்பல் கடதாசியில் நிற்காமல், மேலே இருந்து கீழே, பாரத்தோடு, மெதுவாக வழுக்கி வந்தது. நான் தூரிகையால் அதை மேலே தள்ளினேன். அது கீழே வந்தது. திரும்பவும் தள்ளினேன். இதே வேலையைத்தான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் காலால் செய்துகொண்டிருந்தேன் என்று உணர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உப்பு தன் பங்குக்கு நிறத்தைப் பொரிய வைத்து, ரோட்டுக்குத் தார் போட்ட கரடுமுரடைக் கொடுத்தது. நெற்றி வியர்வை ஒரு சொட்டு மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் விழுந்தது. அதையும் விட்டுவிட்டேன். கடைசியில், மரத்துக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அன்று நான் போட்டிருந்த ஜக்கெற்.

பிறகுதான் குளவிகள் வந்தன. செப்ரெம்பர்க் குளவிக்குச் சீனி என்றால் போதும். என் ஏற்றத்தைச் சுற்றி நாலைந்து பறந்தன. ஒன்று வானத்தில் இறங்கி நடக்கவே தொடங்கிவிட்டது. தலைக்கவசத்தால் விசிறி விசிறி ஒரு மணி நேரம் காவல் நின்றேன். கீழே நாயோடு நின்ற கிழவர் மேலே நடந்து வந்து, படத்தைப் பார்த்து, குளவிகளைப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்த எனக்கு அது ஒரு பட்டம் வாங்கியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனுசன் சோபாவில் சாய்ந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் கைபேசியோடு இருந்தாள். நேரே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன். அதன் முன்னால் படத்தை நிமிர்த்தி வைத்தேன். இன்னும் ஒட்டும் பதத்தில்தான் இருந்தது, தேசிக்காய் மணத்தது.

மனுசன் கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சரிந்தார்.

"உதென்ன சிவப்பாய்?" என்று கேட்டார்.

"நான்."

"தள்ளிக்கொண்டோ?"

"உழக்கி. கால் ஊண்டேல்லை."

அவர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் படத்துக்குப் போனார். "அந்த மரம் கூடுதலாச் சாய்ஞ்சிட்டுது," என்றார். "இஞ்சாலை, ஓரத்திலை, ரோட் கொஞ்சம் ஊறிப்போய்க் கிடக்கு. வானத்திலை என்ன, பூச்சி நடந்த மாதிரி…"

எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் மரமும் பூச்சியுமா என்று கேட்க வாய் எடுத்தேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அம்மா, லுக்," என்று கண்ணால் கீழே காட்டினாள்.

மனுசனுடைய இடது கால், சொக்ஸ் போட்ட கால், கம்பளத்தை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. வலது கை சோபாவை விட்டு இறங்கி, பக்கத்தில் வெறும் காற்றில் எதையோ பிடித்து, பின்னுக்கு இழுத்தது. ஏற்றத்தைக் கண்டவுடன் கியரை இறக்கிவிட்டார். தான் செய்தது அவருக்கே தெரியவில்லை; வாய் இன்னும் மரத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் எழுந்துபோய்க் கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு, தன்னுடைய மலையையும் நீர்வீழ்ச்சியையும் இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். நான் பேஸ்மென்றுக்கு ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன். ஆணி அடிப்பது அவர். அது அவரே சொன்ன வார்த்தை. காற்றில் இன்னும் கியரைப் பிடித்திருந்த அந்தக் கையில் சுத்தியலைக் கொடுத்தேன்.